அடைக்கலத்துக்கு எடுத்த வேட்டி

தம்பி,

பஸ்ராவில் போய் இறங்கிய மறுநாள் நீ போனில் பேசினாய். தங்குமிடம் பரவாயில்லை, மெஸ் நடத்துபவர் கேரளாக்காரர், சோறு கிடைக்கிறது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "அப்பா, பஞ்சவர்ணம் அத்தை குடுத்த வேட்டியக் காணோம். பெட்டியில மேலாகத்தான் வச்சேன்" என்றாய். "இடம் பத்தலைன்னு அம்மா எடுத்து வச்சிருப்பா" என்றேன். அது பொய். அம்மாவுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. நீ பிள்ளையார்பட்டிக்குக் கும்பிடப் போயிருந்த நேரத்தில் உன் பெட்டியைத் திறந்து அந்த வேட்டியை எடுத்தவன் நான்தான். எடுத்து, என் பீரோவில் பழைய கம்பளிக்கு அடியில் வைத்துவிட்டேன். இந்த வயதில் மகன் பெட்டியில் கை வைத்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மற்ற எதையும் சொல்ல முடியவில்லை.

ஊரே படிக்கும்படி ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். ஊரில் வைக்கப்போகும் புது நினைவுக் கல்லின் திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். முதல் உலகப் போருக்குப் போன நம் ஊர்க்காரர்களின் பெயர்களைக் கண்டுபிடித்தது எப்படி என்று அதில் ஒரு கட்டுரை வேண்டும் என்று ஹவில்தார் சண்முகம் கேட்டார். எழுத உட்கார்ந்தேன், கிழித்தேன், மறுபடியும் உட்கார்ந்தேன். கட்டுரை என்றால் எல்லாம் தெரிந்தவன் மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. உனக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டால் தெரியாததையும் சொல்ல வருகிறது. அதனால் இதையே அச்சுக்குக் கொடுத்துவிடப் போகிறேன். ஊர்க்காரர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது.

ரேஷன் கடைச் சுவரில் பதித்திருக்கும் அந்தச் சிறிய கல்லை நீ பார்த்திருப்பாய், படித்திருக்க மாட்டாய். நானும் வெகுகாலம் படித்ததில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்து மூழ்கிக் கிடந்தது. சண்முகம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு, ஒருநாள் ரேஷன் வரிசையில் நின்றபடி சாவிக்கொத்தால் சுரண்டியிருக்கிறார். உள்ளே ஆங்கிலத்தில் இரண்டே வரிகள். இந்தக் கிராமத்திலிருந்து பதினொரு பேர் பெரும்போருக்குப் போனார்கள். அவர்களில் மூவர் உயிரிழந்தார்கள். அவ்வளவுதான். யார் அந்தப் பதினொரு பேர், யார் அந்த மூவர் என்று கல்லில் இல்லை. வெள்ளைக்காரன் அரசாங்கம் இப்படிப் பல ஊர்களில் கல் வைத்திருக்கிறது. பெயர் எழுத அதற்கு மனம் வரவில்லை, எண்ணிக்கை போதும் என்று நினைத்திருக்கிறது. சண்முகத்துக்கு அது பொறுக்கவில்லை. நேராக நம் வீட்டுக்கு வந்தார். "காரைக்குடியில செத்தவுக அம்புட்டுப் பேருக்கும் சீட்டு எழுதுனது சாருதான். நம்ம ஊருல இந்த மூணு பேரு மட்டும் விட்டுப் போச்சு. அதையும் எழுதிக் குடுத்துருங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்குத் தெரியும், வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்து காலத்தைக் கழித்தவன் நான். ஒரு சாவை எழுத நான் அவசரப்பட்டதே இல்லை. மருத்துவர் சீட்டு இருக்கிறதா, சுடுகாட்டுச் சீட்டு இருக்கிறதா, சொல்ல வந்தவர் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். காணாமல் போன கணவனைப் பற்றித் தகவல் இல்லாமல் ஏழு வருடம் ஆகிவிட்டால், இறந்ததாக உத்தரவு கேட்டுக் கோர்ட்டுக்குப் போகலாம் என்று சட்டம் சொல்கிறது. அப்படிப் போய் உத்தரவு வாங்கி வந்த பெண்கள்கூட, நான் பேனாவைத் திறந்ததும், "கொஞ்சம் பொறுங்க சார்" என்று வெளியே போய் நின்றுவிட்டு வந்ததுண்டு. இதெல்லாம் தெரிந்த நான்தான் இந்தத் தவறைச் செய்தேன் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

வேலையை முறையாகத்தான் தொடங்கினேன். வீடு வீடாகப் போனேன். சென்னைக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தேன். தூசியும் தும்மலும்தான் மிஞ்சின. இணையத்தில் இருக்கும் பட்டியல்களை நீ எனக்கு எடுத்துக் காட்டினாய். கொஞ்சம் கொஞ்சமாகப் பதினொரு பேரும் கிடைத்தார்கள். எட்டுப் பேர் திரும்பி வந்து, ஊரிலேயே வாழ்ந்து செத்தவர்கள். அவர்கள் வீடுகளில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. இறந்தவர்களில் பெரியகருப்பன் தெளிவாகத் தெரிந்தார். செத்த சிப்பாயின் வீட்டுக்கு அரசாங்கம் அனுப்பிய பெரிய வெண்கலத் தட்டு அவர் வீட்டில் இருக்கிறது, அதில் அவர் பெயர் இருக்கிறது. அந்தத் தட்டு மோர்ப் பானையை மூடியிருந்தது. அடுத்தவர் சவரிமுத்து. ஆற்றங்கரை முகாமில் காய்ச்சலில் இறந்தார் என்று கூடப் போய்த் திரும்பியவர் வந்து சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் கல்லறைத் திருநாளில், அவருக்குக் கல்லறை இல்லாததால், அவர் அண்ணன் கல்லறையில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அந்த இரண்டாவது மெழுகுவத்தியைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கு ஒரு எண்ணம் தோன்றியது. தாளில் இல்லாதது வீட்டு வழக்கத்தில் இருக்கும். செத்தவர்களை அந்தந்த வீடு எப்படிக் கும்பிடுகிறது என்று பார்த்தால் போதும். இந்த எண்ணத்தில் எனக்குப் பெருமை வந்துவிட்டது. நான் தடுக்கி விழுந்தது அங்கேதான்.

மூன்றாவது ஆள் அடைக்கலம். பஞ்சவர்ணத்தின் தாத்தாவுக்குத் தம்பி. அந்தப் போரில் ஈராக்குக்கு, பஸ்ரா பக்கம், போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் தெரியாது. பட்டியலில் அந்தப் பெயரில் ஒரு சிப்பாயை நீ கண்டுபிடித்து, "அப்பா, கிடைச்சிட்டாரு" என்று சத்தம் போட்டாய். அங்கே செத்த சிப்பாய்களுக்காக வெள்ளைக்காரன் எழுப்பிய பஸ்ரா நினைவுச் சுவரின் கணக்கில் அவர் இருந்தார். ஆனால் ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. நம் பக்கத்தில் அடைக்கலம் என்ற பெயருக்கா குறைச்சல்? நான் தயங்கினேன். அப்படித் தயங்கிக்கொண்டிருந்தபோது மாசி மாதம் காரைக்குடி ஜவுளிக் கடையில் பஞ்சவர்ணத்தின் தம்பி பிச்சையைப் பார்த்தேன். கையில் மூன்று வேட்டி. செத்துப்போன வீட்டுப் பெரியவர்களுக்கு வருடா வருடம் வைக்கும் படைப்புக்கா என்று கேட்டேன். "ஆமாண்ணே. அப்பாவுக்கு ஒண்ணு, பெரியப்பாவுக்கு ஒண்ணு, அடைக்கலம் தாத்தாவுக்கு ஒண்ணு" என்றான். என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. படைப்பில் வேட்டி யாருக்கு எடுப்பார்கள்? செத்தவர்களுக்கு. நம் தச்சர் வகையறாவின் படைப்பில் எடுத்த துணியெல்லாம் ஓலைப் பெட்டிக்குள்தான் போகும். பெட்டியை முன்னால் வைத்து, சோறு படைத்து, விழுந்து கும்பிடுவோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். படைப்பு அன்று பங்காளி அல்லாதவன் வாசலைத் தாண்டக் கூடாது, அதனால் போய்ப் பார்க்கவும் முடியாது. மறுநாளாவது போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செத்தவர்களைப் பற்றி ஒரு வீட்டில் துருவிக் கேட்க எனக்கு எப்போதும் பயம். கேட்காமலே மூன்று பெயரையும் எழுதிச் சண்முகத்திடம் கொடுத்துவிட்டேன்.

சண்முகம் அன்றைக்கே ஃப்ளெக்ஸ் அடித்துப் பஸ் நிறுத்தத்தில் கட்டிவிட்டார். யாரோ ஒரு சிப்பாயின் படம், இரண்டு பக்கமும் எரியும் விளக்கு, கீழே வீரமரணம் அடைந்த மூவரின் பெயர்கள். பஞ்சவர்ணம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றவள், அண்ணாந்து பார்த்திருக்கிறாள். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்தாள். நீ அப்போது விசாவுக்காகச் சென்னை போயிருந்தாய். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கூடத்துச் சாவி கையில் இருந்தது. சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"என்னண்ணே, இப்புடிப் பண்ணிப்புட்டீக. எங்க தாத்தா செத்துப்போனாருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

வேட்டியைச் சொன்னேன். பட்டியலைச் சொன்னேன். பழைய கல்லில் மூவர் என்று இருப்பதையும் சொன்னேன். "அது வெறும் கணக்கு. அதுக்குள்ள யாரு இருக்காகன்னு கல்லுக்குத் தெரியுமா? நீக எழுதுனது பேரு" என்றாள். பிறகு, "வாங்க, வந்து பாருங்க, அந்த வேட்டி எங்க இருக்குன்னு" என்று கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

அவர்கள் வீட்டுப் பின்கட்டில், துணி காயப்போடும் கொடியில், அந்த வேட்டி மடிப்புக் கலையாமல் தொங்கியது. பக்கத்தில் பிச்சையின் சட்டை, பேத்தியின் பள்ளிச் சீருடை. செத்தவர்களுக்கு எடுத்த இரண்டு வேட்டியும் பெட்டிக்குள் இருக்கின்றன. அடைக்கலத்துக்கு எடுத்தது பெட்டிக்குள் போனதே இல்லையாம். படைப்புக்கு வீட்டு ஆண்களுக்குத் துணி எடுக்கும்போது அவருக்கும் சேர்த்து எடுப்பார்கள், கொடியில் போடுவார்கள். தொடங்கி வைத்தவள் அவர் மனைவி சிட்டு. கப்பலிலிருந்து இறங்கி அழுக்குத் துணியோடு வருகிற ஆளுக்கு மாற்றிக் கட்ட வேட்டி வேண்டுமே என்று சொல்வாளாம். அடுத்த வருடம் புது வேட்டி வந்ததும் பழையதை உள்ளூரில் யாரும் கட்டக் கூடாது. தூர தேசம் போகிற யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். லாரிக்குப் போனவன், துபாய்க்குப் போனவன் என்று பஞ்சவர்ணம் சொல்லிக்கொண்டே போனாள். வாங்கிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்திருக்கிறார்களாம்.

நான் அந்தக் கொடிக்கு முன்னால் நின்றேன். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஊர்க்காரர்கள் படிக்க வேண்டியது அதைத்தான். "சிட்டு அப்பத்தா போகும்போது நான் சின்னப் பிள்ள. மஞ்சச் சேல கட்டி, பூ வச்சு, குங்குமம் வச்சுத்தான் எடுத்துக்கிட்டுப் போனாக. தாலியக் கழட்டலண்ணே. இப்ப நீக அவரு அன்னைக்கே போயிட்டாருன்னு கல்லுல வெட்டிப்புட்டா, அந்த மனுசி அத்தன வருசமும் வச்ச பூவுக்கு என்ன பேரு? ஊரு சிரிக்கவா வச்சாக?"

நான் என்ன நினைக்கிறேன் என்று என்னைக் கேட்டால், அடைக்கலம் அங்கே செத்துப்போனார் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கும் அப்படித்தான். உயிரோடு இருந்திருந்தாலும் இவ்வளவு வருடம் யார் இருப்பார்கள்? இது அவளுக்கும் தெரியும்; அவள் முட்டாள் இல்லை. ஆனால் எப்போது செத்தார், எங்கே செத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை எழுதி, ஒரு பெண்ணின் நெற்றியில் இருந்த குங்குமத்தை அவள் போன பிறகு அழிக்கப் பார்த்தேன். நகராட்சியில் ஒரு நாளும் செய்யாததை ஊரில் செய்தேன்.

அன்று சாயங்காலமே ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டார்கள். அது இப்போது பிச்சையின் வைக்கோல் போரை மூடியிருக்கிறது. பெயர் இருக்கிற பக்கம் உள்ளே வரும்படி போட வேண்டும் என்று பஞ்சவர்ணம் நின்று பார்த்துப் போடச் சொன்னாளாம். ஃப்ளெக்ஸை இறக்குவது சுலபம். கல்லில் என்ன வெட்டுவது என்பது அப்படியே நின்றது. கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம் என்று சண்முகம் சொன்னார். கூட்டத்தில் பேசுவது எனக்கு ஆகாது. உன் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பெற்றோர் சார்பில் நான்கு வார்த்தை பேசச் சொன்னதற்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டவன் நான். நீ அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறாய்.

இதற்கு நடுவில் நீ கிளம்பும் நாள் வந்தது. முந்தின நாள் பஞ்சவர்ணம் வந்தாளே, கையில் போன வருடத்து வேட்டியோடு. என் மேல் கோபம் இருந்தும் வந்தாள். "அங்குட்டுத்தான் எங்க தாத்தாவும் போனாக. தம்பி கொண்டுக்கிட்டுப் போகட்டும்" என்றாள். நீ, "சரி அத்தே, கட்டிக்கிட்டுப் போட்டோ அனுப்புறேன்" என்று சொல்லி, அதன் கதை ஒன்றும் கேட்காமல் பெட்டியில் வைத்தாய். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். பஸ்ராவுக்குப் போய்த் திரும்பாத ஒருவருக்கு எடுத்த வேட்டி, பஸ்ராவுக்குப் போகிற என் மகன் பெட்டியில். படித்தவன், சகுனம் பார்க்காதவன் என்று பெயர் வாங்கியவன் நான். அதெல்லாம் அடுத்தவர் பிள்ளைகள் பயணம் போகும் வரைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

வேட்டியை எடுத்து பீரோவில் வைத்த பிறகாவது நிம்மதி வந்ததா என்றால் இல்லை. நீ விமானம் ஏறினாய், அங்கே போய் இறங்கினாய், பேசினாய். என் பயம் குறையவில்லை. சண்டை நடக்கிற செய்தி டிவியில் ஓடும்போதெல்லாம் அம்மா உள்ளே போய்விடுகிறாள், நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கிறேன். நீ இருக்கும் இடத்துக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் விரலால் அளக்கிறேன். அப்படி ஒரு நாள் அளந்துகொண்டிருந்தபோதுதான், சிட்டுவுக்கு அளந்து பார்க்க ஒரு வரைபடம்கூட இருந்திருக்காது என்று தோன்றியது. அவளிடம் இருந்தது ஒரு கொடி, வருடத்துக்கு ஒரு வேட்டி. அவள் அதைச் செத்தவனின் துணியாக ஒரு நாளும் நினைக்கவில்லை. அப்படி நினைத்தது நான்தான். பட்டியலில் அவர் பெயரை எழுதியதும், உன் பெட்டியிலிருந்து வேட்டியை எடுத்ததும் ஒரே காரியம் என்று எனக்கு அப்போது விளங்கியது.

நேற்றுக் கூட்டத்துக்குப் போனேன். எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன்; கண்ணாடி வியர்வையில் மங்கி ஒன்றும் தெரியவில்லை, அதனால் மடித்துப் பையில் வைத்துவிட்டு வாயால் சொன்னேன். போனவர்கள் என்று பதினொரு பெயர்களையும் வெட்டுவோம், அதில் அடைக்கலமும் இருக்கட்டும். உயிரிழந்தவர்கள் என்று பெரியகருப்பனையும் சவரிமுத்துவையும் மட்டும் வெட்டுவோம். அடைக்கலத்தை அங்கே எழுதியது என் தவறு, எனக்கு அதற்கு ஆதாரம் இல்லை.

சண்முகம் விடவில்லை. "பழைய கல்லுல மூணு. பக்கத்துலயே புதுக் கல்லுல ரெண்டு. பாக்குறவன் என்ன சார் நினைப்பான்? எண்ணத் தெரியாத ஊருன்னு நினைக்க மாட்டானா?"

"எண்ணத் தெரியாத ஆளு நான்தான்னு சொல்லிருங்க" என்றேன். எப்படி வந்தது அந்தக் குரல் என்று எனக்கே தெரியவில்லை. சண்முகம், படையில் தகவல் இல்லாதவன் செத்தவன்தான் சார் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, தன்னோடு மலையில் இருந்த ஒருவன் பனிச்சரிவில் போனதையும், உடல் கிடைக்கவில்லை என்பதையும், அவன் அம்மா இன்னும் வருடத்துக்கு ஒருமுறை இவருக்குப் போன் போட்டு, ஏதாவது தெரியுமா என்று கேட்பதையும் சொன்னார். "நான் இன்னும் அந்தம்மாகிட்ட அவன் இல்லேன்னு சொல்லல சார்" என்றார். அதோடு அவரும் ஒத்துக்கொண்டார். கல்லில் நான் சொன்னபடிதான் வெட்டப் போகிறார்கள். இரண்டு கல்லும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாமல் அருகருகே நிற்கும். கணக்கு இடிப்பதைப் பார்த்து எனக்கு எத்தனை நாள் தூக்கம் கெடப் போகிறதோ தெரியாது. யாராவது கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டட்டும்.

கூட்டம் முடிந்து நேராகப் பஞ்சவர்ணத்திடம் போய், வேட்டியை நான் எடுத்து வைத்துக்கொண்டதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "போற ஆளு கையில இருக்கவேண்டிய துணி" என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டாள். பிறகு, "சரி, பீரோவுல வைக்காதீகண்ணே. உள்ள வச்சுப் பூட்டுறது வராதவுகளுக்கு. வெளிய எடுத்துப் போடுங்க" என்றாள்.

தம்பி, உன்னிடம் கேட்க வேண்டியது இரண்டு உண்டு. பஸ்ராவுக்கு வெளியே அந்த நினைவுச் சுவர் இருக்கிறது, நேரம் கிடைத்தால் அடைக்கலத்தின் பெயரைப் பார்த்து வா என்று சொல்லி அனுப்பியிருந்தேன். போக வேண்டாம். அங்கேயும் இந்தியப் படையில் அதிகாரிகளுக்குத்தான் பெயராம். சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும்தான் என்று பிறகுதான் படித்தேன். நம் ரேஷன் கடைக் கல் மாதிரியேதான். அதற்காக நீ அந்தப் பாலைவன வழியில் போக வேண்டியதில்லை. இரண்டாவது, தினமும் பேச முடியாவிட்டாலும் ஒரு செய்தியாவது போடு. வேலை அதிகம் என்று இரண்டு நாள் நீ பேசாமல் இருந்தாலே நான் என்னென்னவோ எழுத ஆரம்பித்துவிடுகிறேன், மனதுக்குள்.

நேற்று வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பீரோவைத் திறந்து வேட்டியை எடுத்து உதறி, பின்கட்டில் உன் சட்டைகள் தொங்கும் கொடியில் போட்டாள். நுனி தரையில் படாமல் இழுத்துவிட்டாள். குளிக்கப் போகும்போது நான் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. இன்று காலையில் காற்றுக்கு ஒரு முனை சரிந்திருந்தது, சரிசெய்துவிட்டு வந்தேன். நீ வந்து எடுத்துக் கட்டிக்கொள்.

அப்பா